பெண் ஆறாம் வகுப்பு, பையன் எல்.கே.ஜி.: 28,500 சம்பளத்தில் இரண்டு பேருக்கும் தனியார் பள்ளி ஓடுமா?

சைதாப்பேட்டை_தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூர் சைதாப்பேட்டை. சென்னை சைதாப்பேட்டை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எல்லோரும் சென்னைப் பள்ளிகளாக அடுக்குவீர்கள்.

வீட்டுக்காரர் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, பிடித்தம் போகக் கையில் 17,500. நான் ஆற்காடு ரோட்டில் ஒரு மெடிக்கலில் பில் போடுகிறேன், 11,000. மொத்தம் 28,500, அதில் வீட்டு வாடகை 6,500.

பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு, ஜூனில் ஆறாவது போகிறாள். படிப்பது பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. இந்த வருடம் ஆன செலவை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பள்ளிக் கட்டணம் 24,500, ஸ்மார்ட் கிளாஸ், கம்ப்யூட்டர், அபாகஸ் என்று 9,000, புத்தகம் நோட்டு 6,800, யூனிஃபார்ம் ஷூ 3,900, வேன் மாதம் 1,300 வீதம் பத்து மாதத்துக்கு 13,000. கூட்டினால் 57,200. எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் முழுசாக இரண்டு மாதம்!

இப்போது பையனுக்கு எல்.கே.ஜி. அதே பள்ளியில் கேட்டால் வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 48,000 என்கிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் 10,000 அட்வான்ஸ் கட்டினால்தான் சீட்டாம். அதையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு ஜூனிலும் என் சங்கிலி பேங்கிற்குப் போய் தீபாவளி போனஸில்தான் திரும்பி வருகிறது. இரண்டாவது பிள்ளைக்கு அடகு வைக்க இரண்டாவது சங்கிலி இல்லை.

வீட்டுக்காரர் "நான்தான் கவர்மென்ட் பள்ளியில் படித்து ஷூவுக்குப் பசை தடவுகிறேன், என் பிள்ளைகளும் அப்படியா" என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது. யாராவது இந்த நிலைமையில் இருந்து சமாளித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆம்பூர்_பாய் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த 24,500ஐயும் 9,000ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே ரசீதா, தனித்தனியா? பார்த்துச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால் என் மகன் பள்ளியில் கவுன்ட்டரில் இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். ஒன்று அச்சடித்த புத்தகத்திலிருந்து கிழித்தது, நம்பர் இருக்கும், பள்ளி முத்திரை இருக்கும். இன்னொன்று கால்குலேட்டர் பக்கத்தில் கிடக்கும் வெள்ளைத் தாளில் பேனாவால் தொகையை எழுதி ஒரு கிறுக்கல். அதில் பள்ளி பெயர்கூட இருக்காது. அடுத்த டேர்ம் கட்டப் போகும்போது அந்த வெள்ளைத் துண்டைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

2009ல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் இருக்கும் குழுதான் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. அந்தத் தொகையைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். எங்கள் பள்ளியில் போட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை, மாடிப்படிக்குக் கீழே வாட்டர் கேன் அடுக்கி வைக்கும் இடத்தில்.

கோட்டை_மதில் எழுதியது:

பாய், சட்டம் எல்லாம் சரி. புகார் கொடுத்துவிட்டு அதே பள்ளியில் பிள்ளையை வைத்திருக்க எந்த அப்பா அம்மாவுக்குத் தைரியம் வரும்? நடக்கிற கதையைப் பேசுங்கள்.

தேன்மொழி, நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கஷ்டப்பட்டாவது தனியாரிலேயே வையுங்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் 2024லும் 2025லும் மாநிலப் பட்டியலில் கடைசி மாவட்டம் எது? நம் வேலூர்தான். இந்த லட்சணத்தில் அரசுப் பள்ளிக்கு மாற்று என்று யாராவது இங்கே சொல்லப் போகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

குடியாத்தம்_வாத்தியார் எழுதியது:

அந்த யாராவது நான்தான். என் இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளிதான், நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே. கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

மாவட்ட ரிசல்ட் உண்மைதான், அதை மறைக்க முடியாது. எங்கள் பக்கம் எட்டாம் வகுப்பு முடிந்ததும் பையன்கள் தீப்பெட்டிக்கும் தறிக்கும் போவார்கள், பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும், பரீட்சை அன்றைக்கு வர மாட்டார்கள், அதுவும் அந்தச் சதவீதத்தில் சேர்கிறது. ஆசிரியர் காலியிடமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மாவட்டச் சராசரியை வைத்து உங்கள் தெருவில் இருக்கும் பள்ளியை எடை போடாதீர்கள். ஒரே தாலுக்காவில் ஒரு பள்ளி நூறு, இன்னொன்று ஐம்பத்தைந்து என்று வருகிறது.

சகோதரி கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பெண் இப்போது ஐந்தாவது. அதாவது மாற்றுவதாக இருந்தால் இந்த ஜூன்தான், அடுத்த ஜூன் இல்லை. ஏனென்றால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள பெரிய சலுகைகள் எல்லாமே "ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்" என்றுதான் இருக்கின்றன. மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020ல் வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை என்று விரித்தார்கள். அதில் சீட்டுக் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போனால் படிப்பு முடியும் வரை மாதம் 1,000. ஏழாம் வகுப்பில் மாற்றினால் இவை எதுவும் கிடையாது. எட்டாம் வகுப்பில் பீஸ் கட்ட முடியாமல் எங்களிடம் வந்து சேருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வருவதுதான் வருகிறீர்கள், இரண்டு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

சைதாப்பேட்டை_தேன்மொழி எழுதியது:

சார், இது எனக்குத் தெரியவே தெரியாது. பத்தாவது வரை இங்கே வைத்துவிட்டு, ப்ளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளி என்றுதான் நினைத்திருந்தோம்.

பாய் அண்ணா, ரசீதைப் பார்த்தேன். 24,500க்கு ஒன்று இருக்கிறது. 9,000க்கு நீங்கள் சொன்ன அதே வெள்ளைத் துண்டு.

எய்டட் பள்ளி என்றால் அதுவும் அரசுப் பள்ளிக் கணக்கில் வருமா? வீட்டுக்காரர் அதற்கென்றால் கொஞ்சம் இறங்கி வருவார் போல இருக்கிறது.

குடியாத்தம்_வாத்தியார் எழுதியது:

இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பள்ளி, 7.5 சதவீதத்தில் வராது. புதுமைப் பெண் முதலில் 2022ல் தொடங்கியபோது அரசுப் பள்ளிக்கு மட்டும்தான், பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். ஆங்கில வழி என்றால் கிடையாது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படித்தான்.

இன்னொன்று, எய்டட் பள்ளியில் தமிழ் வழிக்குக் கட்டணம் இருக்காது, ஆனால் பல இடங்களில் ஆங்கில வழிப் பிரிவைச் சுயநிதியாக நடத்துகிறார்கள், அதற்குப் பணம் கட்ட வேண்டும். போய் "எய்டட் பிரிவா, சுயநிதிப் பிரிவா" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காமல் சேர்த்துவிட்டு டேர்ம் பீஸ் வந்ததும் முழிப்பவர்கள் நிறைய.

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு பல வருடமாக இருக்கிறது, உங்கள் பெண் ஆங்கில வழியில் படித்ததால் அதிலேயே தொடரலாம், சலுகை எதுவும் போகாது. மெட்ரிக்கிலிருந்து வரும் பிள்ளைகள் எங்களிடம் தடுமாறுவது தமிழில்தான்!

வாலாஜா_ராமு எழுதியது:

இன்னாபா எல்லாரும் இவ்வளவு சீரியஸா பேசறீங்க. எங்க வாலாஜாப்பேட்டை ஸ்கூல்ல படிச்சுட்டு வேலூர் ஊரிசுக் கல்லூரியில உதவித்தொகையில படிச்ச ஒருத்தர்தான் நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார், ராதாகிருஷ்ணன்.

சரி, அது அந்தக் காலம் என்று அடிக்க வராதீர்கள். ஊரில் வந்து இதைச் சொன்னால் பெருமையாகக் கேட்டுக்கொள்வார்கள், அப்புறம் பேரனை வேனில் ஏற்றி விடுவார்கள். நானும்தான்.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், சோற்றில் மண் விழுந்துவிடும்.

அந்த வெள்ளைத் துண்டைப் பற்றி பாய் சொன்னது பல இடங்களில் நடக்கிறதுதான், நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கையும் கேளுங்கள். குழு நிர்ணயிக்கும் தொகைக்கும் ஓடுகிற செலவுக்கும் இடைவெளி இருக்கிறது, வேனுக்கு எஃப்.சி., இன்சூரன்ஸ், டீசல், டிரைவர், ஆயா, எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. ஆர்.டி.இ.யில், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி கட்டணமில்லாமல், சேர்ந்த பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய பணம் வருடக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது. சின்னப் பள்ளிகள் இதில் மூழ்கியே போய்விடும்.

இப்போது பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது. எல்.கே.ஜி. சேர்க்க வரும் யாருமே எங்களிடம் எல்.கே.ஜி. பீஸைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. "ஆறாம் வகுப்புக்கு எவ்வளவு, ஒன்பதாம் வகுப்புக்கு எவ்வளவு, பதினொன்றுக்கு எவ்வளவு" என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை மெதுவாக ஏறும், ஆறில் ஒரு குதி, ஒன்பதில் ஒரு குதி. பதினொன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையையே புது அட்மிஷன் போலப் பாவித்து முழுசாக வாங்கும் பள்ளிகளும் உண்டு. எல்.கே.ஜி.யில் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறவர் ஒன்பதில் என்ன செய்வார்?

தவணை கேட்பதென்றால் ஜூனில் வராதீர்கள். ஜூனில் கரஸ்பாண்டன்ட் ரூமுக்கு வெளியே வரிசை நிற்கும், எரிச்சலில் இருப்பார். பிப்ரவரி, மார்ச்சில் சீட்டு நிரம்பாத நேரத்தில் வாருங்கள். அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒரே பள்ளி என்றால் குறைத்துக்கொள்வார்கள், பத்துத் தவணைக்கும் சம்மதிப்பார்கள். ஆனால் வாய்ப் பேச்சாக விடாமல் ஒரு கடிதம் எழுதி, அதன் மேலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரஸ்பாண்டன்ட் சொன்னது கவுன்ட்டரில் இருக்கும் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் மொத்தமாகத்தான் கேட்போம்.

அந்த 10,000 அட்வான்ஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது. மாதக் கடைசிக்குள் சீட்டு தீர்ந்துவிடும் என்பது எல்லாப் பள்ளியிலும் சொல்கிற பாட்டுதான், மே மாதம் வந்து கேட்டாலும் எல்.கே.ஜி.யில் இடம் இருக்கும்.

சத்துவாச்சாரி_சுமதி எழுதியது:

நான் பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் வகுப்பு எடுத்தவள். சம்பளம் 9,500. மே மாதம் சம்பளமே கிடையாது. தேன்மொழி, நீங்கள் மெடிக்கலில் வாங்குவது எனக்குக் கிடைத்ததைவிட அதிகம். ஜங்ஷன் சார் டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் சொன்னார், டீச்சர் சம்பளத்தைச் சொல்லவில்லையே.

நகைக் கடன் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் வீட்டிலும் ஜூன் வந்தால் இதே கதைதான். கூட்டுறவு பேங்கில் மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார் இல்லையா, போன வருடம் தேய்க்காமலேயே எடை மட்டும் போட்டுவிட்டு "இது போன ஜூன்லயும் வந்ததுதானேம்மா" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தப்பாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு முகம் சுண்டிவிட்டது.

பள்ளி பீஸுக்கு நகை வைப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், வைத்து மீட்டுவிட முடிந்தால் சரி. மீட்க முடியாமல் வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைக்கிற வருடம் வந்துவிட்டது என்றால் அந்தப் பள்ளி உங்கள் சக்திக்கு மீறியது என்று அர்த்தம். அடகுக் கடைக்கும் தினத்தண்டல்காரருக்கும் போவது அதற்கு அடுத்த படி, அங்கே போய்விட்டால் அப்புறம் பள்ளியைப் பற்றிப் பேசவே நேரம் இருக்காது.

நான் செய்வது தபால் ஆபீஸ் ஆர்.டி.தான், மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு. ஜூனில் முடிகிற மாதிரி முன்னாலேயே கணக்குப் போட்டு ஆரம்பிக்க வேண்டும். மகளிர் குழுக் கடனும் ஒரு வழி, வட்டி குறைவு, ஆனால் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோர் தலையிலும் விழும். தெருவில் பிடிக்கிற தீபாவளிச் சீட்டை மட்டும் பீஸுக்கு நம்பாதீர்கள். மாதம் இவ்வளவு வட்டி தருகிறோம் என்று சொன்ன கம்பெனிகளை நம்பி 2022ல் நம் ஊரில் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் பெண்ணின் இன்ஜினியரிங் பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினார்.

கோட்டை_மதில் எழுதியது:

ஆர்.டி., தபால் ஆபீஸ் எல்லாம் மிச்சம் இருக்கிறவர்களுக்கு. 28,500ல் வாடகை போக 22,000. அதில் வீட்டுச் சாப்பாடு, அவர் ஆம்பூர் போய் வரும் செலவு, காஸ், கரன்ட், மாமியாருக்கு மாத்திரை. எதை மிச்சம் பிடிப்பது?

பேசாமல் பையனுக்கு ஆர்.டி.இ. போடலாம். வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமே, இவர்களுக்கு மூணரை லட்சம் கிட்ட வருகிறது. அதுவும் போச்சு.

ராணிப்பேட்டை_சேவை எழுதியது:

போகவில்லை, நில்லுங்கள். நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன், ஏப்ரல் மே வந்தால் எனக்கு இதே வேலைதான். இந்த 2 லட்சம் விஷயத்தில் பாதிப் பேர் விண்ணப்பிக்காமலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆர்.டி.இ.யில் இரண்டு வாசல். ஒன்று நலிவடைந்த பிரிவினர், அதற்குத்தான் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற வரம்பு. இன்னொன்று வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர், அதில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் வருகிறார்கள், சாதிச் சான்றிதழ் வேண்டும், வருமான வரம்பு கிடையாது. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் போன்றவர்களும் இதில்தான்.

மற்ற நிபந்தனைகள்: ஜூலை 31ல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதனால் பாலாற்றுக்கு அந்தப் பக்கப் பள்ளிக்கு உங்களால் கேட்க முடியாது, சைதாப்பேட்டை சுற்றுவட்டாரத்தில்தான் பார்க்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வேலூரில் நல்ல பெயர் எடுத்த பள்ளிகளில் நிறைய மிஷன் பள்ளிகள், அங்கே போய் ஆர்.டி.இ. என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குலுக்கலில் பெயர் வந்தால் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை. ஆனால் வேன், யூனிஃபார்ம், புத்தகம் என்று பல பள்ளிகள் வாங்கத்தான் செய்கின்றன. 2025-26ல் மத்திய அரசு நிதிப் பிரச்சினையால் சேர்க்கையே தள்ளிப்போய் அக்டோபரில்தான் நடந்தது, அதுவரை காத்திருக்க முடியாமல் பணம் கட்டிச் சேர்த்தவர்கள் ஏராளம். ஆகவே இதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள், விண்ணப்பம் போடாமலும் இருக்காதீர்கள். சாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்துகளும் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறிப் போய் அலைகிறவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

சைதாப்பேட்டை_தேன்மொழி எழுதியது:

அண்ணா, நாங்கள் எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருத்தர்கூட இதைச் சொன்னதில்லை, எல்லோரும் 2 லட்சம் 2 லட்சம் என்றுதான் சொன்னார்கள். கோடி கும்பிடு.

குடியாத்தம்_வாத்தியார் எழுதியது:

நல்லது. இதில் இன்னொரு செய்தியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.இ.யில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் 7.5 சதவீதத்துக்குத் தகுதி. பையனுக்குக் குலுக்கலில் விழுந்துவிட்டால் எட்டாம் வகுப்பு வரை கவலை இல்லை, அதன் பிறகு எங்களிடம் அனுப்புங்கள்.

விழாவிட்டால்? அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் அங்கன்வாடிகள் 2,381ல் 2019ல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை காலைச் சிற்றுண்டியும் உண்டு. நீங்கள் காலையில் மெடிக்கலுக்கு ஓடுகிறவர், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

பெண் எட்டாவது வரும்போது என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வை விட்டுவிடாதீர்கள். அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000. வருமான வரம்பு 3.5 லட்சம், உங்களுக்கு 3,42,000 வருகிறது, நூலிழையில் உள்ளே இருக்கிறீர்கள்.

கோட்டை_மதில் எழுதியது:

வாத்தியாரே, திட்டம் எல்லாம் அருமையாக அடுக்குகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிறதா என்பதுதான் அவர் வீட்டுக்காரர் கேள்வி. திட்டத்துக்காகவா பிள்ளையைச் சேர்ப்பது?

குடியாத்தம்_வாத்தியார் எழுதியது:

நியாயமான கேள்வி. அதற்கு நான் இங்கே உட்கார்ந்து எழுதிப் பதில் சொல்ல முடியாது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

தலைமையாசிரியரிடம் "பள்ளி எப்படி" என்று கேட்காதீர்கள், அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "ஆறு முதல் எட்டு வரை கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை பள்ளி மேலாண்மைக் குழு வைத்த தற்காலிகமா" என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் 400க்கு மேல் என்று கேளுங்கள், தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பெண் பிள்ளை என்பதால் கழிவறையை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. அப்புறம் மாலை பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நின்று ஏழாவது எட்டாவது பிள்ளைகளிடம் இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் பொய் சொல்லாது.

இதே கேள்விகளைத் தனியார் பள்ளியிலும் கேட்கலாம், கோட்டை மதில் சார். நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

கோட்டை_மதில் எழுதியது:

கணக்கு டீச்சர் இந்த வருடத்திலேயே மூன்றாவது ஆள். கேட்டால் "ரிசைன் பண்ணிட்டாங்க சார்" என்கிறார்கள். சுமதி சொன்ன 9,500 இப்போதுதான் உறைக்கிறது.

ஆனாலும் நான் மாற்ற மாட்டேன். என் பெண் ஒன்பதாவது, உங்கள் கணக்குப்படியே ஆறு தாண்டிவிட்டது.

சைதாப்பேட்டை_தேன்மொழி எழுதியது:

பதில் போடத் தாமதமாகிவிட்டது, மெடிக்கலில் ஸ்டாக் எடுத்தார்கள்.

சனிக்கிழமை லீவு போட்டுக் கொசப்பேட்டைப் பக்கம் இருக்கும் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனோம், பெண்ணையும் கூட்டிக்கொண்டு. வாத்தியார் சார் சொன்ன கேள்விகளைப் பேப்பரில் எழுதி எடுத்துப் போனேன். கேட்கக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் அங்கே இருந்த டீச்சர் உட்கார வைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. கடைசியில் மட்டும் "ஆங்கில வழி பிரிவில் ஒரு கிளாஸில் எத்தனை பேர்" என்று கேட்டார். டீச்சர் சொன்ன எண்ணிக்கை இப்போது பெண் படிக்கும் வகுப்பைவிட ஐந்தாறு பேர்தான் அதிகம்.

பெண்ணுக்கு ஒரே வருத்தம் அவளுடைய தோழி ஒருத்தி அங்கே இருக்க மாட்டாள் என்பது. அதைத் தவிர வேனில் ஒன்றரை மணி நேரம் சுற்ற வேண்டாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. நடந்தே போய்விடலாம்.

பெண்ணை ஜூனில் மாற்றுவதாகப் பேசியிருக்கிறோம். வீட்டுக்காரர் முழு மனதாகச் சம்மதித்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். மிச்சமாகும் பணத்தில் மாதம் 2,500 பெண் பெயரில் ஆர்.டி. போட வேண்டும், கைவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார். எனக்குச் சந்தோஷம்தான். பையனுக்கு அட்வான்ஸ் கட்டவில்லை, ஏப்ரலில் ஆர்.டி.இ. போடுகிறோம்.

மாமியார்தான் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வாலாஜா_ராமு எழுதியது:

அந்த நாலு பேரை ஜூன் மாசம் பேங்குக்கு வரச் சொல்லுங்கம்மா, சங்கிலியை அவங்க மீட்டுத் தரட்டும்.

ஆம்பூர்_பாய் எழுதியது:

ராமு அண்ணே, சரியாகச் சொன்னீர்கள்.

தங்கச்சி, டி.சி. வாங்கும்போது கவனம். பாக்கி இருந்தால் டி.சி. தர மாட்டோம் என்பார்கள். டி.சி.யைக் கட்டண வசூலுக்கு ஒரு கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் சொல்லியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்று காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கவும் கூடாது, அது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

டி.சி. கையில் கொடுத்தால் போதாது. எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளியில் ஏற்ற முடியும். நாங்கள் "நாளைக்குப் பண்ணிடறோம்" என்று சொல்லி மறந்துவிடுவது உண்டு, சில இடங்களில் வேண்டுமென்றே இழுப்பதும் உண்டு. டி.சி. வாங்கும் அன்றைக்கே கம்ப்யூட்டர் முன்னால் நின்று, எமிஸ் நம்பரைச் சொல்லி, விடுவித்தாகிவிட்டது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாவது டேர்ம் பாக்கி ஏதாவது இருந்தால் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள், இழுக்க அவர்களுக்கு ஒரு சாக்கு குறையும்.

சைதாப்பேட்டை_தேன்மொழி எழுதியது:

பாக்கி 4,000 இருக்கிறது சார், இந்தச் சம்பளத்தில் கட்டிவிடுவேன். இந்தத் தடவை ரசீது புத்தகத்திலிருந்து கிழித்துத் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.